வெறும் விட்டமின்தானே என்று நிறுத்திய மாத்திரை

காசிமேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 38. கணவருக்கு 43, துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டில் வேலை. விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், எடை 46 கிலோவுக்கு இறங்கிவிட்டது என்று போய்ப் பார்த்தபோது சளியில் காசநோய்க் கிருமி இருப்பது தெரிந்தது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை தொடங்கி ஒன்பது வாரம் ஆகிறது. இருமல் நின்றுவிட்டது, எடை 49. ஆனால் கடந்த இரண்டு வாரமாக உள்ளங்கால் இரண்டும் தீயாக எரிகிறது. ராத்திரி ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறார்.

இதற்கிடையில் நாத்தனார் ஒரு சத்து பவுடர் டின் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். விலை 3,800 ரூபாய், அதை விற்கும் சங்கிலியில் அவரும் ஒருவர். "கிருமி செத்துப்போச்சு, இனிமே அந்த மாத்திரை ஈரலைத்தான் கெடுக்கும். இந்தப் பவுடரே எதிர்ப்பு சக்தி குடுக்கும்" என்பது அவர் வாதம். தெம்புக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய விட்டமின் டி 60,000 யூனிட் கேப்சூலையும் கணவர் ஐந்து நாளாகத் தினமும் ஒன்று போடுகிறார். பீடி நாலைந்தாகக் குறைந்திருக்கிறது. குடி வாரத்தில் ஒரு நாள்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: "டி.பி. மாத்திரையோடு ஒரு சின்ன மாத்திரையும் கொடுத்தார்கள். அது வெறும் விட்டமின் என்றார்கள். பவுடரில்தான் எல்லா விட்டமினும் இருக்கிறதே என்று அதை ஒரு மாதமாக நிறுத்திவிட்டோம்."

அவருடைய கேள்விகள் இவை: காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பவுடரைத் தொடரலாமா? கால் எரிச்சலுக்கு நரம்பு ஊசி போடலாமா? 11 வயது மகளுக்கும் 4 வயது மகனுக்கும் நோய் தொற்றாமல் இருக்க அதே பவுடரைக் கொடுக்கலாமா? எட்டு வருஷமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் மாமியாருக்கும் கால் மரத்துப்போகிறது, அவருக்கும் அது ஆகுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். காசநோய் மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. நிறுத்திய அந்தச் சின்ன மாத்திரையைப் பற்றி நாளைக்கே உங்கள் சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். விட்டமின் டி கேப்சூலை இன்றோடு நிறுத்துங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நாத்தனார் மேல் எனக்குக் கோபமில்லை. அண்ணன் பிழைக்க வேண்டும் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். விட்டமின் என்றால் எந்த நோயையும் விரட்டும் என்ற நம்பிக்கைக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஈறில் ரத்தம் கசிந்து எழ முடியாமல் கிடந்த மாலுமிகள் 12 பேரை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் மட்டும் ஒரே வாரத்தில் எழுந்துவிட்டார்கள். அது ஸ்கர்வி, விட்டமின் சி இல்லாததால் வருவது. தவிட்டை நீக்கித் தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த ஊர்களில் கால் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து போகும் பெரிபெரி வந்தது. அது பி1 குறைவு. நம் பக்கம் அந்த நோய் குறைவாக இருந்ததற்குப் புழுங்கல் அரிசி ஒரு முக்கியக் காரணம். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும், அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போகாது.

இதெல்லாம் நிஜமான அதிசயங்கள். ஆனால் குணமான நோய்கள் எல்லாமே அந்தந்த விட்டமின் இல்லாததால் வந்தவை. இல்லாததைக் கொடுத்தார்கள், நோய் போனது. காசநோய் கிருமியால் வருவது. சத்துக் குறைந்த உடம்பில் அது எளிதில் காலூன்றும் என்பது உண்மைதான். ஆனால் காலூன்றிய பிறகு அதைக் கொல்லும் விட்டமின் கிடையாது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து வரும்வரை மீன் எண்ணெய், வெயில், பால், முட்டை, ஓய்வு என்று எல்லாம் கொடுத்தும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனைகளில் ஏராளமானவர்கள் இறந்தார்கள்.

மாத்திரையை நிறுத்தலாமா?

"கிருமி செத்துப்போச்சு" என்பது பாதி உண்மை. முதல் இரண்டு மாதத்தில் வேகமாகப் பெருகும் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். இருமல் நிற்பதும் காய்ச்சல் போவதும் பசி எடுப்பதும் அதனால்தான். மிச்சம் இருப்பவை நீறு பூத்த நெருப்பு. மெதுவாக வளர்ந்து, மருந்துக்கு எளிதில் அகப்படாமல் பதுங்கியிருக்கும். அடுத்த நான்கு மாதம் அவற்றுக்காக. இரண்டு மாதம் முடிந்ததும் நான்கு மருந்து மூன்றாகக் குறையும். அதைப் பார்த்து, நோய் முடிந்ததால்தான் குறைக்கிறார்கள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது ஆரம்பத்திலேயே போட்ட திட்டம், அவ்வளவுதான்.

இப்போது நிறுத்தினால் நோய் திரும்பும். திரும்பும்போது மருந்துக்குப் பணியாத காசநோயாக வரக்கூடும். அதற்கான மருந்துகள் வேறு, பக்க விளைவுகளும் அதிகம். அவற்றில் ஒன்றான லினசோலிட், நரம்பையே பாதித்து இதே கால் எரிச்சலை இன்னும் மோசமாகக் கொண்டுவரக்கூடும். எரிச்சலுக்குப் பயந்து நிறுத்தினால் அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஈரலைப் பற்றிய பயம் வீண்பயம் அல்ல. இந்த மாத்திரைகளில் மூன்று, சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். ஆனால் அதற்கு அறிகுறிகள் உண்டு: தொடர்ந்து குமட்டல், வாந்தி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, கண் மஞ்சள், கறுத்த டீ நிறத்தில் சிறுநீர். இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், மாத்திரையை என்ன செய்வது என்று அவர் முடிவு செய்வார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது மட்டும் பயப்பட வேண்டியதல்ல, அது ரிஃபாம்பிசின் மருந்தின் சாயம். ஈரலை உண்மையிலேயே காப்பாற்ற வேண்டுமென்றால், வாரத்தில் ஒரு நாள் என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்தக் குடி முற்றிலும் நிற்க வேண்டும். பவுடர் அந்த வேலையைச் செய்யாது.

இரண்டு மாத முடிவில் சளியை மறுபடி பரிசோதித்தார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. செய்யவில்லையென்றால் நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். எடையையும் போடச் சொல்லுங்கள். மாத்திரையின் எண்ணிக்கை எடையைப் பொறுத்தது, எடை ஏறினால் அது மாறலாம்.

கால் எரிச்சலும் அந்தச் சின்ன மாத்திரையும்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தப்படவைத்தது இந்த இடம். அந்தச் சின்ன மாத்திரை பெரும்பாலும் பைரிடாக்சின், அதாவது விட்டமின் பி6. காசநோய் மருந்துகளில் முதுகெலும்பு போன்ற ஐசோனியாசிட், உடம்பில் உள்ள பி6-ஐப் பிடித்துச் செயலிழக்கச் செய்து சிறுநீரில் வெளியேற்றிவிடும். நரம்புகளுக்கு பி6 அவசியம். அது குறையும்போது உடம்பின் மிக நீளமான நரம்புகள் முடியும் இடத்தில், பாதத்தில்தான், முதலில் எரிச்சலும் குறுகுறுப்பும் வரும். மெலிந்தவர்கள், குடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். உங்கள் கணவர் மெலிந்தும் இருக்கிறார், குடிக்கவும் செய்கிறார்.

பவுடரில்தான் எல்லா விட்டமினும் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். டின்னின் பின்பக்கத்தை அப்படியே எழுதி அனுப்பியதற்கு நன்றி, அதில்தான் பதிலும் இருக்கிறது. ஒரு வேளைப் பவுடரில் பி6 2 மில்லிகிராம். ஆரோக்கியமான ஒருவரின் அன்றாடத் தேவை ஏறக்குறைய அவ்வளவுதான். ஐசோனியாசிட் சாப்பிடுபவருக்கு நரம்பு கெடாமல் இருக்க பொதுவாக 10 முதல் 25 மில்லிகிராம் வரை கொடுப்போம். எரிச்சல் வந்துவிட்டால் அளவைக் கூட்டுவோம். விலையில்லாமல் கையில் கொடுத்ததை நிறுத்திவிட்டு, 3,800 ரூபாய்க்கு அதில் ஒரு சிறு பங்கை வாங்கியிருக்கிறீர்கள்.

அதற்காக நீங்களே கடையில் வாங்கி இரண்டு மூன்றாகப் போட வேண்டாம். பி6-ஐ மிகையான அளவில் மாதக்கணக்காக எடுத்தால், அதுவே நரம்பைக் கெடுத்து இதே எரிச்சலைக் கொண்டுவரும். அளவை மருத்துவர் சொல்லட்டும். கூடவே ரத்தச் சர்க்கரையையும் பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள், எரிச்சலுக்கு அவையும் காரணமாக இருக்கலாம். மருந்து தொடங்கினாலும் நரம்பு தேறுவதற்குச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரத்திலேயே தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

நரம்பு ஊசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் பக்கம் ஊசி போட்டால்தான் வைத்தியம் பார்த்த மாதிரி இருக்கும், எனக்குத் தெரியும். வாயால் சாப்பிட முடிகிறவருக்கு பி6 மாத்திரையே போதும். பரிசோதனையில் பி12 மிகவும் குறைவாக இருந்தால் ஊசிக்கு அர்த்தம் உண்டு. தெம்புக்கு என்று வாராவாரம் ஊசி போடுவதும் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வதும் பணத்துக்குப் பிடித்த கேடு.

இன்னொன்று. காலில் எரிச்சல் என்பது ஐசோனியாசிட்டின் அடையாளம் என்றால், பார்வை மங்குவதும் சிவப்பு, பச்சை நிறங்கள் சரியாகத் தெரியாமல் போவதும் எத்தாம்புட்டால் என்ற இன்னொரு மாத்திரையின் அடையாளம். அப்படி ஏதாவது தோன்றினால் காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள்.

டின்னிலும் கேப்சூலிலும் இருப்பது

60,000 யூனிட் விட்டமின் டி, குறைபாடு இருப்பவருக்கு வாரம் ஒரு முறை, குறிப்பிட்ட வாரங்களுக்குக் கொடுப்பது. தினமும் போடுவதற்கல்ல. ஐந்து நாள் போட்டதால் பெரிய கேடு வந்திருக்க வாய்ப்பு குறைவு, ஆனால் இது உடம்பிலேயே தங்கிச் சேரும் விட்டமின். மிகுந்துபோனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். காசநோயிலோ, நோயுற்ற திசுவே விட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதால், சிலருக்குக் கால்சியம் ஏற்கெனவே கூடியிருக்கும். அடங்காத தாகம், மலச்சிக்கல், வாந்தி, குழப்பம் இருந்தால் கால்சியம் பரிசோதனை செய்ய வேண்டும்.

விட்டமின் டி காசநோயைத் தடுக்குமா என்பதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மங்கோலியாவில் விட்டமின் டி குறைவாக இருந்த 8,800-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பாதிக்கு வாராவாரம் 14,000 யூனிட் வீதம் மூன்று வருஷம் கொடுத்தார்கள். மறுபாதிக்கு வெற்றுக் கேப்சூல். 2020-இல் வெளிவந்த முடிவில், காசநோய்த் தொற்று இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. விட்டமின் டி எலும்புக்கு வேண்டும், குறைந்தால் கொடுக்கத்தான் வேண்டும். காசநோய்க்குக் காவலாக அதை நம்ப முடியாது.

டின்னில் பீட்டா கரோட்டீனும் இருக்கிறது. பீடி பிடிப்பவருக்கு அதை மருந்தாகக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரிடம் நடந்த ஆய்வு 1994-இல் வந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டீன் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 சதவீதம் கூடியது. உங்கள் டின்னில் அளவு அதைவிடக் குறைவுதான், ஆனாலும் தேவையில்லாத ஒன்றை எதற்குத் தர வேண்டும்? காரட்டிலும் கீரையிலும் இருப்பதைச் சாப்பிட இந்தப் பயம் வேண்டாம்.

டின்னை இன்னொரு முறை திருப்பிப் பாருங்கள். இப்படிப்பட்ட சத்துப் பொருள்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும். நாத்தனாரிடம் சண்டை போட வேண்டாம், அந்த வரியைக் காட்டினால் போதும்.

சாப்பாடு

பவுடரின் இடத்தில் என்ன வைப்பது என்று கேட்பீர்கள். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் 1956-இல் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட முதல் பெரிய கேள்வியே இதுதான். ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் வைத்தார்கள். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு அதே மருந்துகளை எடுத்தார்கள். 1959-இல் வந்த முடிவு உலகத்தின் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். மருந்தை முறையாகச் சாப்பிட்டதுதான் காரணம்.

அதற்காகச் சாப்பாடு முக்கியமில்லை என்று அர்த்தமில்லை. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு மாதாமாதம் அரிசி, பருப்போடு அன்றாடத் தேவை அளவுக்கு விட்டமின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-இல் வெளிவந்த அந்த ஆய்வில், வீட்டிலுள்ள மற்றவர்களுக்குக் காசநோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. நல்ல சாப்பாடு நோயைத் தடுக்கும். வந்த நோயை மருந்துதான் தீர்க்கும். இரண்டும் உங்கள் வீட்டுக்கு வேண்டும்.

ஒரு முட்டை ஏழு ரூபாய் என்று வைத்தாலும் அந்த டின் விலையில் ஐந்நூறு முட்டைக்கு மேல் வரும். தினம் இரண்டு முட்டை, பருப்பு, சுண்டல், வேர்க்கடலை, வாழைப்பழம், முருங்கைக்கீரை, கிடைத்தால் நெல்லிக்காய். மீனுக்கு உங்கள் பகுதியில் பஞ்சமில்லை. மத்தியும் நெத்திலியும் விலை குறைவு, புரதமும் பி12-உம் தாராளம். ஆனால் ஒரு எச்சரிக்கை: சூரை, காணாங்கெளுத்தி மட்டுமல்ல, மத்தி, நெத்திலி போன்ற மீன்களும் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஐசோனியாசிட் சாப்பிடுபவரின் உடம்பால் அதை எளிதில் அழிக்க முடியாது. முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். சிகிச்சை முடியும்வரை சூரையையும் காணாங்கெளுத்தியையும் தவிர்த்துவிட்டு, மற்ற மீனைக் காலையில் கரை சேர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

காசநோயாளிகளின் சத்துணவுக்காக அரசு நடத்தும் நிக்ஷய் போஷண் திட்டத்தில் சிகிச்சை முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. வரவில்லையென்றால் சுகாதார நிலையத்தில் கணக்கு விவரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். 1800 11 6666 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

பிள்ளைகளும் மாமியாரும்

பிள்ளைகளுக்குப் பவுடர் வேண்டாம். மகனுக்கு ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசு தரும் விட்டமின் ஏ சொட்டு மருந்து கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்கு மேல் பெரியவர்களின் டின்னிலிருந்தும் தினமும் ஏ சேர்ந்தால் சின்ன உடம்புக்கு மிகையாகும். அவர்களுக்கு அவசியமானது காசநோய்த் தடுப்பு மருந்து. வீட்டில் எல்லாரையும் இருமல், காய்ச்சல், எடை குறைவு இருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லை என்று உறுதியானதும் தடுப்பு மருந்து தருவார்கள். ஐசோனியாசிட் மட்டும் என்றால் தினமும் ஆறு மாதம், இன்னொரு மருந்தோடு சேர்த்து என்றால் வாரம் ஒரு முறை மூன்று மாதம். நாலு வயதுப் பிள்ளைக்கு இதைத் தள்ளிப்போடக் கூடாது. சின்னக் குழந்தைகளிடம் இந்த நோய் வேகமாகப் பரவி மூளைவரை போகக்கூடும்.

மாமியார் சாப்பிடுவது மெட்ஃபார்மினாக இருந்தால், அது வருஷக்கணக்கில் போகும்போது பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கால் மரத்துப்போவதற்குச் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம், பி12 குறைவும் இருக்கலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ உங்கள் சுகாதார நிலையத்திலோ காட்டி பி12 பரிசோதனை செய்யுங்கள். குறைந்திருந்தால் மாத்திரையோ ஊசியோ போட்டு ஈடு செய்துவிடலாம். அதற்காகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் எளிதில் தொற்றும் என்பதால், பிள்ளைகளைக் கூட்டிப் போகும் அன்றைக்கே அவரையும் சளி, எக்ஸ்ரே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். டின், கேப்சூல் அட்டை, நிறுத்திய சின்ன மாத்திரையில் மிச்சம் இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரின் மேஜையில் வையுங்கள்.